எடைக்குப் பிறகு ஒரு செம்பு

சங்கரன்கோவிலில் இசக்கிசெல்வியின் வண்டி ஒரு தெருவுக்குள் நுழைந்தால் கண்ணால் பார்க்கவே வேண்டாம், மூக்கே சொல்லிவிடும். சிக்கன் பொரித்தது, பஜ்ஜி போட்டது, காராச்சேவு பிழிந்தது எல்லாம் கலந்த பழைய எண்ணெய் வாடை. கேலி செய்கிறவர்கள் அவளை ‘எண்ணெய்ச் செல்வி’ என்பார்கள். அவளுக்கு அதில் வருத்தம் கிடையாது. ஊரில் எத்தனையோ செல்வி இருக்கிறார்கள், எந்தச் செல்வி என்று தெரிய வேண்டாமா என்பாள்.

அவள் செய்கிற வேலை சொல்வதற்கு எளிது. பரோட்டாக் கடைகளிலும் பலகாரக் கடைகளிலும் பொரித்துப் பொரித்துக் கறுத்துப்போன எண்ணெயைச் சாக்கடையில் கொட்டக் கூடாது, மறுபடி சட்டியிலும் ஊற்றக் கூடாது. அதை இசக்கிசெல்வி எடை போட்டு விலைக்கு வாங்கி, ராஜபாளையம் ரோட்டோரம் இருக்கும் தன் கொட்டகையில் பீப்பாய்களில் சேர்த்து வைப்பாள். துறைமுகத்துப் பக்கம் உள்ள ஒரு ஆலையின் லாரி வந்து எடுத்துப் போகும். அங்கே அது டீசலாக மாறிக் கப்பலேறும். இந்த ஊரில் கோழி பொரித்த எண்ணெயில் எங்கோ ஒரு வெள்ளைக்காரன் பஸ் ஓட்டுகிறான் என்பதை அவள் கணவன் சண்முகையா இன்னும் முழுதாக நம்பவில்லை. நம்பாவிட்டாலும் பீப்பாய் உருட்ட வருவான்.

அவள் பிறந்தது மேலநீலிதநல்லூர்ப் பக்கம், மழையை நம்பிய புஞ்சைக் காடு. கல்யாணமாகி இங்கே வந்தபோது சண்முகையா விசைத்தறியில் இருந்தான். தறி வேலை வாரத்தில் பாதி நாள் என்றானதும் இவள் பேருந்து நிலையத்துக்கு அருகில் ஒரு பலகாரக் கடையில் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நிற்கப் போனாள். பல வருஷம் நின்றாள். அந்தக் கடை முதலாளிக்கு எண்ணெயை மாற்றுகிற வழக்கமே கிடையாது. குறையக் குறைய மேலே ஊற்றுவார். அடியில் கிடப்பது எந்த மாதத்து எண்ணெய் என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம். அந்தப் புகையைக் குடித்துக் குடித்து இவளுக்கு ஒரு இருமல் வந்தது. வந்தது போகவில்லை. சட்டிக்கு முன்னால் நிற்காதே என்றார் டாக்டர். அப்புறம் அடுப்பில் உலை எப்படி வைப்பது என்று கேட்க வாயெடுத்தவள், தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தாள்.

அப்போதுதான் ஆலையிலிருந்து செல்வக்குமார் என்ற அலுவலர் வந்தார். இந்த வட்டாரத்துக்குப் பழைய எண்ணெய் சேகரிக்க ஒரு ஆள் வேண்டும் என்று கடை கடையாகக் கேட்டார். நாற்றம் பிடித்த பிழைப்பு என்று ஆம்பளைகள் ஒருவரும் முன்வரவில்லை. இசக்கிசெல்வி வந்தாள். லோடு ஆட்டோ ஓட்டக் கற்றுக்கொண்டாள். கற்றுக்கொண்ட முதல் வாரமே ஒரு பூக்கடைப் பந்தலைச் சாய்த்தாள். பூக்காரம்மா இன்றைக்கும் அவள் வண்டியைக் கண்டால் கூடைகளை உள்ளே இழுத்து வைத்துக்கொள்வாள்.

வண்டி ஓட்டுவதை விடக் கடினம், கடைக்காரர்களைச் சம்மதிக்க வைத்தது. அவளுக்கு முன்பே பழைய எண்ணெய் வாங்க ஆள் இருந்தது. டின்காரர்கள் என்று சொல்வார்கள். வாங்கிப் போய்த் தெளியவைத்து, ரோட்டோரத் தள்ளுவண்டிகளுக்குக் குறைந்த விலையில் மறுபடி பொரிக்க விற்றுவிடுவார்கள். இவள் கொடுப்பதை விட அவர்கள் கூடக் கொடுத்தார்கள். இவளிடம் இருந்தது வாய் ஒன்றுதான்.

“உங்க வீட்டுப் பிள்ளை சாயங்காலம் ரோட்டுல நின்னு வடை வாங்கித் திங்குமா, திங்காதா? திங்கும்லா? நீங்க டின்காரனுக்கு வித்த எண்ணெய்தான் அது” என்று ஒவ்வொரு கடையிலும் சொன்னாள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சிலர் அன்றைக்கே டின்னை எடுத்து அவள் வண்டியில் வைத்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக ஊர்க்கடைகளில் பெரும்பாலானவை அவள் பக்கம் வந்தன. அவளுக்கு இருமலும் குறைந்தது.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது, இந்த வருஷம் சான்றிதழ் என்று ஒன்று வந்து சேர்ந்தது. வெளிநாட்டில் டீசல் வாங்குகிறவர்கள் கேட்டார்கள். கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. பழைய எண்ணெய்க்கு மவுசு கூடியதும், நல்ல பாமாயிலையே கொஞ்சம் கறுக்க வைத்துப் பழசு என்று விற்கிறவர்களும் கிளம்பிவிட்டார்களாம். காட்டை அழித்து எண்ணெய்ப்பனை வைத்து, அந்த எண்ணெயைக் கழிவு என்று பெயர் மாற்றி விற்றால் இந்த டீசலால் யாருக்கு என்ன நன்மை? அதனால் ஒவ்வொரு சொட்டு எண்ணெயும் எந்தக் கடைச் சட்டியில் இருந்து வந்தது என்று காட்ட வேண்டும். கடைகளில் வாங்கியதும் ஆலைக்கு அனுப்பியதும் பொருந்த வேண்டும். இதுவரை அந்த இரண்டையும் யாரும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. இப்போது பார்த்தார்கள்.

செல்வக்குமார் போன் செய்தார்.

“அக்கா, உங்க கணக்கு உதைக்குது.”

“குறையுதா சார்?”

“குறைஞ்சா பரவாயில்லையே. கூடுது.”

அவளுக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். எந்த ஊரிலும் வாங்கியதை விட அனுப்புவது கொஞ்சம் குறையும். பொரித்த தூளும் தண்ணீரும் அடியில் தங்கிவிடும், அதுதான் இயல்பு. இவளுடைய கொட்டகையில் மட்டும் வாங்கியதை விட அதிகமாக வெளியே போயிருக்கிறது.

“பீப்பாய்க்குள்ள எண்ணெய் குட்டியாக்கா போடும்?” என்று கேட்டுவிட்டு அவரே சிரிக்க முயன்றார். சிரிப்பு வரவில்லை. “செவ்வாய்க்கிழமை தணிக்கைக்கு ஆள் வாராங்க. காரணம் சொல்ல முடியலைன்னா சங்கரன்கோவிலைப் பட்டியல்ல இருந்து எடுத்துருவாங்க. அதோட, கலப்படம்னு சந்தேகம்னு எழுதிட்டாங்கன்னா வேற எந்த ஆலையும் உங்க கிட்ட எடுக்க மாட்டாங்கக்கா.”

பலகாரக் கடைச் சட்டிக்கு முன்னால் மறுபடி போய் நிற்பதை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தாள். அதை விட அந்த வார்த்தைதான் அவளை அறுத்தது. கலப்படம். ஊரெல்லாம் போய் யாரைத் திட்டினாளோ, அந்தக் கூட்டத்தில் அவளையும் சேர்த்து எழுதப் போகிறார்கள்.

தராசில்தான் கோளாறு என்றான் சண்முகையா. மளிகைக் கடையில் இருந்து பிரிக்காத அரிசி மூட்டையைக் கொண்டுவந்து ஏற்றிப் பார்த்தார்கள். தராசு யோக்கியமாக மூட்டையில் அச்சடித்திருந்ததையே காட்டியது.

“அப்ப எவனும் கொட்டகைக்குள்ள வந்து ஊத்திட்டுப் போறானோ?” என்றான் சண்முகையா.

“விலைக்குப் போற எண்ணெயைச் சும்மா கொண்டாந்து ஊத்திட்டுப் போக எவனுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு?”

“அதுவும் சரிதான் ஏட்டி” என்று அவன் அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனான்.

திங்கட்கிழமை அவள் தன்னால் ஆனதைச் செய்தாள். கடை கடையாகப் போய், “நாளைக்கு ஆபீசர் வாராவ. எல்லாம் ஒழுங்கா இருக்கணும். எடை என்னவோ அதுதான், கூடக் குறைய ஒண்ணும் இருக்கப்பிடாது” என்று சொல்லி வைத்தாள். எல்லாரும் தலையாட்டினார்கள். திருவேங்கடம் சாலையில் பரோட்டாக் கடை வைத்திருக்கும் மைதீன் பாட்சா மட்டும் ஊரில் இல்லை. கடையநல்லூரில் சம்பந்தி வீட்டுக் கல்யாணம் என்றார்கள்.

செவ்வாய்க்கிழமை காலையில் வந்து இறங்கிய ஆபீசரைப் பார்த்து இசக்கிசெல்விக்குப் பாதி பயம் போனது. ஜஸீமா என்று பெயர். சின்ன வயது. தலையில் முக்காடு, கழுத்தில் அடையாள அட்டை. சான்றிதழ் கொடுக்கும் நிறுவனத்தில் சென்னையில் வேலை, சொந்த ஊர் கடையநல்லூர். பேச்சில் ஊர் வாடை அடித்தது. வந்ததும் “தண்ணி இருக்காக்கா?” என்று கேட்டு வாங்கிக் குடித்தாள்.

ஆனால் வேலையில் இறங்கியதும் முகம் மாறிவிட்டது. ஒவ்வொரு பீப்பாயையும் திறந்து பார்த்தாள். சின்னப் புட்டிகளில் மாதிரி எடுத்தாள். கொட்டகையின் பின்பக்கம் போய்ப் பார்த்தாள்.

“எண்ணெய் பழசுதான், பாத்தாலே தெரியுது. கேள்வி அது இல்லக்கா. பேப்பர்ல இல்லாத எண்ணெய் இந்தப் பீப்பாய்க்குள்ள இருக்கு. அது எங்க இருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியணும். இந்தக் கடைகளைத் தவிர வேற எங்கயாவது வாங்குதியளா?”

“இல்ல மேடம். சங்கரநாராயணர் சத்தியமா இல்ல.”

ஜஸீமா சத்தியத்தை எழுதிக்கொள்ளவில்லை. “சரி, வாங்க, கடைகளைப் பாப்போம்” என்றாள்.

வண்டியில் இசக்கிசெல்விக்குப் பக்கத்தில் ஜஸீமா உட்கார்ந்தாள். செல்வக்குமார் பைக்கில் பின்னால் வந்தார். போன கடைகளில் எல்லாம் மனிதர்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போல விறைத்துக்கொண்டு நின்றார்கள். டின்னைத் தராசில் வைத்தார்கள், எடை பார்த்தார்கள், கையெழுத்துப் போட்டார்கள், ஒரு அடி பின்னால் தள்ளி நின்றார்கள். எப்போதும் வாயாடும் பஜ்ஜிக் கடைச் சுமதி கூட வாயைத் திறக்கவில்லை. எல்லாம் அச்சுப் பிசகாமல் இருந்தது. இருந்து என்ன பிரயோஜனம்? இப்படி ஒழுங்காக வாங்கிய எண்ணெய் எப்படிக் கூடும் என்ற கேள்வி இன்னும் பெரிதாகத்தான் ஆனது.

கடைசியாக மைதீன் பாட்சாவின் கடை. மனுஷர் முந்தின நாள் ராத்திரிதான் கடையநல்லூரில் இருந்து திரும்பியிருந்தார். கல்யாண வீட்டுச் சாப்பாட்டு மயக்கம் இன்னும் தெளியவில்லை. டின்னை எடை போட்டார்கள். ஜஸீமா எட்டிப் பார்த்துக் குறித்துக்கொண்டாள். இசக்கிசெல்வி டின்னைத் தூக்கி வண்டியில் வைத்து, வண்டியைக் கிளப்பப் போனாள்.

“ஏ செல்வி, நில்லு. எங்க ஓடுத?” என்று உள்ளே இருந்து மைதீன் பாட்சா வந்தார். கையில் ஒரு பெரிய செம்பு நிறையப் பழைய எண்ணெய்.

இசக்கிசெல்வி கண்ணைக் காட்டினாள். அவருக்குப் புரியவில்லை. தலையை ஆட்டினாள். அதுவும் புரியவில்லை. அவர் பாட்டுக்கு வண்டியில் ஏறி, டின் மூடியைத் திறந்து, செம்பைக் கவிழ்த்து, கடைசிச் சொட்டு வரைக்கும் வடியவிட்டு, “ம், போ” என்றார்.

ஜஸீமா வண்டியை விட்டு இறங்கினாள். “பாய், இப்ப என்னத்த ஊத்துனிய?”

“எண்ணெய்தாம்மா. ஏன்?”

“எடை போட்டாச்சே.”

“அதுக்குத்தான். எடை போட்டது வியாபாரம். மேல ஊத்துறது பரக்கத்து, ஆண்டவன் பெருக்கிக் குடுக்கது” என்றார் அவர்.

இசக்கிசெல்வி வண்டியில் இருந்து குதித்து இறங்கினாள். எல்லாம் போயிற்று என்று நினைத்தாள். “மேடம், அது கொசுறு. அது கணக்குல வராது. அதுக்குப் பில்லு கிடையாது” என்று தன்னைக் காப்பாற்றிக்கொள்வதாக நினைத்து, சொல்லக் கூடாததை எல்லாம் வரிசையாகச் சொன்னாள்.

ஜஸீமா டின் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தாள். “எல்லாக் கடையிலயும் உண்டா?”

“உண்டு மேடம். செம்பு, மக், கரண்டி, அவங்கவங்க கைக்கு வந்தது. இன்னைக்கு நீங்க வாரியன்னு நான்தான் ஒண்ணும் கூடக் குறைய வேண்டாம்னு சொல்லி வச்சேன்.”

“காலைல நான் கேட்டேன்லா, வேற எங்கயும் வாங்குதியளான்னு?”

“வாங்கலியே மேடம். இது அவங்க குடுக்கது.”

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. உண்மையிலேயே அவளுக்கு அது எண்ணெய் என்று தோன்றியதே இல்லை. காய் வாங்கினால் கூட வருகிற கறிவேப்பிலையை யாராவது செலவில் எழுதுவார்களா? ஊரில் பூ வாங்கினாலும் சேவு வாங்கினாலும் மேலே ஒரு கை விழும். அது விழாவிட்டால்தான் வருத்தம். விழுந்ததை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. இப்படி நினைவில் நிற்காத செம்புகளும் கரண்டிகளும் சேர்ந்துதான் பீப்பாயில் குட்டி போட்டிருக்கின்றன.

பைக்கில் வந்த செல்வக்குமார் நெற்றியில் அறைந்துகொண்டார். ஜஸீமாவுக்கு உதட்டோரம் சிரிப்பு வந்துவிட்டது, ஆனால் அடக்கிக்கொண்டாள்.

“எனக்கு நம்பணும்னுதான்கா இருக்கு. ஆனா நம்பிக்கைய எழுத முடியாது. நாளைக்கும் நீங்க ரவுண்டு போவியள்ல? நானும் வாரேன். யார் கிட்டயும் ஒண்ணும் சொல்லாதிய. ஒரு காலி டின் மட்டும் தனியா எடுத்து வைங்க.”

மறுநாள் அடையாள அட்டையைப் பைக்குள் போட்டுக்கொண்டு, அதே வண்டியில், அதே இடத்தில் ஜஸீமா உட்கார்ந்து வந்தாள். முதல் நாள் போகாத கடைகளாகப் பார்த்துப் போகச் சொன்னாள். யார் இந்தப் பிள்ளை என்று கேட்டவர்களுக்கு, கடையநல்லூர்ச் சிநேகிதி என்றாள் இசக்கிசெல்வி. ஆபீசர் வந்து போய்விட்டார் என்ற நிம்மதியில் கடைக்காரர்கள் பழையபடி ஆகியிருந்தார்கள். எடை முடிந்ததும் ஒருவர் மக்கில் கொண்டுவந்தார். இன்னொருவர் குழிக்கரண்டியில். ஒரு பலகாரக் கடை அண்ணாச்சி, “நேத்து ஆபீசரு இருக்கான்னு எல்லாரும் சும்மா விட்டிருப்பானுவ. இந்தா, அதையும் சேத்து வச்சுக்கோ” என்று இரண்டு கரண்டி ஊற்றினார். வண்டிக்குள் இருந்த ஆபீசர் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டாள். கொசுறு எல்லாம் அந்தத் தனி டின்னில் விழுந்தது.

சாயங்காலம் கொட்டகையில் அந்த டின்னைத் தராசில் ஏற்றினார்கள். ஜஸீமா அந்த ஒரு ரவுண்டுக் கொசுறை இதுவரை போன ரவுண்டுகளுக்கு எல்லாம் போனில் பெருக்கிப் பார்த்தாள். அடியில் தங்கும் கசடைக் கழித்தாள். மறுபடி தட்டினாள். சண்முகையா பீப்பாயைப் பிடித்துக்கொண்டு நின்றான். இசக்கிசெல்வி எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தராசையே பார்த்தாள்.

“சரியா வருதுக்கா” என்றாள் ஜஸீமா. “கூடுனது எல்லாமே கொசுறுதான். கலப்படம் கிடையாது.”

இசக்கிசெல்வி பக்கத்தில் கவிழ்த்துக் கிடந்த வாளி மேல் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தது. நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போன அழுகை. அடக்கவில்லை, அழுதாள். சண்முகையா என்ன செய்வதென்று தெரியாமல் ஆபீசருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். ஆபீசர் அதை வாங்கி இசக்கிசெல்வியிடம் கொடுத்தாள்.

“ஆனா ஒரு குறைன்னு எழுதுவேன். எழுதாம விட முடியாது. சான்றிதழுக்கு ஒண்ணும் ஆகாது. இனிமே அந்தச் செம்பையும் எடைக்கு முன்னால ஊத்தச் சொல்லுங்க, இல்லைன்னா வாங்காதிய. எந்தச் சட்டியில இருந்து வந்துச்சோ அந்தக் கடைப் பேர்ல அது ஏறணும்.”

“செய்யுதேன் மேடம். என்ன சொன்னாலும் செய்யுதேன்.”

ஆபீசரிடம் சொல்வது எளிது. மைதீன் பாட்சாவிடம் சொல்வதுதான் பாடு. அடுத்த முறை போனபோது விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் சுருங்கிவிட்டது.

“எடை போட்டா அது கொசுறா? சரக்குல்லா? அதுக்கும் நீ துட்டு குடுப்ப, நான் வாங்கிப் பெட்டியில போடணுமாக்கும்.”

“இல்லைன்னா என் வேலைக்கு ஆபத்து பாய். கலப்படக்காரின்னு எழுதப் பாத்தாவ.”

“உன்னையா?” என்றார் அவர். உண்மையிலேயே கோபம் வந்துவிட்டது. “அந்த டின்காரன் இந்தக் கடைக்கு எத்தனை வருஷம் வந்தான். உன்ன விடக் கூடத்தான் குடுத்தான். அவனுக்கு ஒரு சொட்டு மேல ஊத்தியிருப்பனா? கேட்டுப் பாரு, எந்தக் கடையிலயும் கேட்டுப் பாரு. நீ கொண்டு போறது திரும்ப எந்தப் பிள்ளை வாயிலயும் வந்து விழாதுன்னு தெரிஞ்சுதான பிள்ள ஊத்துனோம்.”

தன் மேல் சந்தேகம் வரக் காரணமான எண்ணெய், ஊர் தன்னை நம்பி ஊற்றியது என்று இசக்கிசெல்விக்கு அப்போதுதான் தெரிந்தது. இத்தனை நாள் அதை வாங்கிப் பீப்பாயில் கொட்டினாளே தவிர, ஏன் ஊற்றுகிறார்கள் என்று ஒரு தடவை கூட நினைத்துப் பார்த்ததில்லை.

“அப்ப எனக்காக முதல்லயே ஊத்துங்க பாய்” என்றாள்.

முணுமுணுத்துக்கொண்டே அவர் செம்பை எடைக்கு முன்னால் கவிழ்த்தார். எடை போட்டார்கள். கையெழுத்துப் போட்டார். வண்டியைக் கிளப்பியதும் மனுஷருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கையைப் பிசைந்துகொண்டு வாசலில் நின்றார். பிறகு விறுவிறுவென்று வண்டிப் பக்கம் வந்தார்.

“நில்லு. உன் தூக்குவாளியக் குடு.”

“என்ன பாய்?”

“குடுன்னா குடு.”

மதியச் சோறு காலியான தூக்குவாளியை அவள் நீட்டினாள். அண்டாவில் இருந்து சூடாகச் சால்னாவை மொண்டு, விளிம்பு வரைக்கும் ஊற்றி, மூடியை அழுத்தி மூடிக் கொடுத்தார்.

“இதுக்கும் உங்க ஆபீசரு எடை கேப்பாவளா?”

“இது கப்பலேறாது பாய்” என்றாள் அவள்.

சாயங்காலம் வீட்டில் தோசைக்கு அந்தச் சால்னாவை ஊற்றிச் சாப்பிட்டார்கள். சண்முகையா தட்டை வழித்துவிட்டு, “என்ன விலை இது?” என்று கேட்டான்.

“கொசுறு” என்றாள் இசக்கிசெல்வி. அடுத்த தோசையைத் திருப்பிப் போட்டாள்.